சூரிய மாளிகையில் ஒரு முற்பகல்
(வடகொரியப் பயணம் – 6)

கும்சுசான் மாளிகைக்கு ஜீன்ஸ் ஆகாது, இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முந்தின இரவே வழிகாட்டிகள் சொல்லிவிட்டார்கள். வழிகாட்டிகள் என்று பன்மையில் சொல்லக் காரணம் உண்டு. இங்கே வெளிநாட்டவரோடு ஒருவரை மட்டும் தனியாக விடுவதில்லை. நம்மை ஒருவர் கவனிப்பார். அவரை இன்னொருவர் கவனிப்பார்.

வடகொரியாவை நிறுவிய கிம் இல்-சுங் உயிரோடிருந்தபோது அவருடைய அலுவலகமும் வீடும் இந்த மாளிகைதான். 1994இல் அவர் இறந்த பிறகு சமாதி மாளிகை ஆயிற்று. வாசலில் காமிராவை வாங்கிவைத்துக்கொண்டார்கள். உள்ளே நீள நீளமாக நகரும் நடைபாதைகள். அவற்றின்மேல் நடக்கக் கூடாது. நின்றபடி அவை இழுத்துப்போகும் வேகத்தில்தான் போக வேண்டும். எதிர்த்திசைப் பாதையில் ராணுவ உடுப்பிலும் பாரம்பரிய உடையிலும் உள்ளூர்க்காரர்கள் வரிசை வரிசையாகக் கடந்துபோனார்கள். தரிசனத்துக்கு முன்னால், உடம்பிலுள்ள தூசியை ஊதித் தள்ளும் ஒரு குறுகிய வழி. அதற்கப்பால் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், கண்ணாடிப் பேழைக்குள் அவர். காலடியில் ஒரு முறை, இரு பக்கமும் ஒவ்வொரு முறை குனிந்து வணங்க வேண்டும். தலைமாட்டில் மட்டும் கூடாது. இன்னொரு கூடத்தில் 2011இல் இறந்த மகன் கிம் ஜோங்-இல். அங்கேயும் அதே வணக்கம்.

நானும் குனிந்தேன். மறுத்திருந்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அழைத்துவந்தவர்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இந்த நாட்டின் ஆட்சி எதில் நிற்கிறது என்று என்னைக் கேட்டால், சிலைகளையோ ஏவுகணைகளையோ விட இதைத்தான் முதலில் சொல்வேன்: நீ செய்வதற்கு இன்னொருவர் பதில் சொல்வார்.

திரும்பும்போது மூத்த வழிகாட்டியிடம், “நீங்கள் பியோங்யாங்கிலேயே பிறந்தவரா?” என்று கேட்டேன். “ஆமாம். என் தாத்தா போரில் உயிர்விட்டவர்” என்றார். தாத்தாவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரில் அதுதான் சரியான பதில். தலைநகரில் குடியிருக்க அரசு அனுமதி வேண்டும். அது குடும்ப வரலாற்றைப் பார்த்துக் கொடுக்கப்படுவது.

இந்த ஏற்பாட்டுக்குச் சொங்புன் என்று பெயர். 1950களின் கடைசியிலிருந்தே மக்களை விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், பகைவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, அதற்குள் ஐம்பது சொச்சம் உட்பிரிவும் வைத்தார்கள். ஜப்பானியர் காலத்தில் தாத்தா நிலக்கிழாரா, கூலியா? கிறிஸ்தவரா? உறவினர் யாராவது தெற்கே ஓடிப்போனார்களா? பேரனின் கல்லூரி, வேலை, கட்சி உறுப்பினர் அட்டை, பெண் கொடுப்பது வரை இதைப் பொறுத்தது. பிறப்பைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிப்பது நமக்கொன்றும் அறியாத வித்தை அல்ல என்பதால், எனக்கு விளங்கச் சிரமமே இருக்கவில்லை. கிம் குடும்பம் மட்டும் இங்கே வாரிசு அல்ல. அந்த வழிகாட்டியும் ஒரு வாரிசுதான். மேலே இருக்கும் வாரிசுரிமை போனால் அவருடைய நகர வாழ்வும் போய்விடும்.

கீழ்த்தட்டில் கண்காணிப்புக்கு இன்மின்பான் இருக்கிறது. இருபது முதல் நாற்பது வீடுகளுக்கு ஒரு குழு. தலைவி பெரும்பாலும் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் அவருக்குத் தெரிய வேண்டும். வாரந்தோறும் சுயவிமர்சனக் கூட்டம் வேறு. தன் குற்றத்தைச் சொல்லிவிட்டு, இன்னொருவரின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். தப்பி வெளியேறியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே விவரித்திருக்கிறார்கள்: இந்த வாரம் நான் உன்னைச் சொல்கிறேன், அடுத்த வாரம் நீ என்னைச் சொல் என்று நண்பர்களுக்குள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்களாம். அரசியல் குற்றம் என்றால் சிரிப்புக்கு இடமில்லை. மூன்று தலைமுறைக்கும் சேர்த்துச் சிறைமுகாம்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் வந்த பெரிய சோதனை பஞ்சம். 1990களில் ரேஷன் நின்றுபோய் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். ஆட்சி கவிழும் என்று உலகம் காத்திருந்தது, கவிழவில்லை. இருந்த சோற்றை ராணுவத்துக்கும் தலைநகருக்கும் முதலில் போட்டார்கள். மற்றவர்களைச் சந்தை காப்பாற்றியது. தெருவோரம் கடைவிரித்த பெண்களை அரசு விரட்டியும் பார்த்தது, கண்டும் காணாமலும் இருந்தது.

ஆட்சி குடும்பத்துக்குள் கைமாறிய கதை அத்தனை சுமுகமானதல்ல. கிம் ஜோங்-இல் 1980 கட்சி மாநாட்டிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டார். தந்தை இறக்கும்வரை பதினான்கு ஆண்டுகள் பயிற்சி. பெக்து மலையில் புரட்சிப் பாசறையில் பிறந்தவர் என்ற கதையும் அதற்குள் வேரூன்றிவிட்டது. சோவியத் ஆவணங்களின்படி அவர் பிறந்தது கபரோவ்ஸ்க் பக்கம். பேரன் கிம் ஜோங்-உன்னுக்கோ 2010 செப்டம்பரில் பதவி, அடுத்த ஆண்டு டிசம்பரில் தந்தை மரணம். அவகாசமே இல்லை. அதனால்தான் இரத்தம் சிந்தியது என்பது என் கணிப்பு. 2013இல் அத்தை கணவர் சாங் சோங்-தேக்குக்கு மரண தண்டனை. 2017இல் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் கிம் ஜோங்-நாம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் முகத்தில் நச்சு பூசிக் கொல்லப்பட்டார். வடகொரியா தனக்குத் தொடர்பில்லை என்றது. மாமனைக் கொன்ற அதே 2013இல்தான், குடிமக்கள் மனப்பாடம் செய்யும் பத்துக் கொள்கைகளில், கிம் குடும்பத்தைக் குறிக்கும் ‘பெக்து வம்சம்’ என்ற சொல்லும் ஏறியது. வம்சத்தைக் காப்பாற்ற வம்சத்தாரையே முதலில் கழிக்க வேண்டியிருந்தது.

நான் போய்வந்தது 2020இல் எல்லையை மூடுவதற்கு முன்பு. 2022 நவம்பரில் ஏவுகணைக்கு முன்னால் கிம் ஜோங்-உன் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து நடக்கும் படத்தை அரசு ஊடகம் வெளியிட்டது. மகள் என்று சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை. வழிகாட்டியிடம் அடுத்த வாரிசு யார் என்று நான் அந்தப் பயணத்தில் கேட்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம் ஆகியிருக்கும். நல்லவேளை, மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டேன். குளிர்ந்த நூடுல்ஸ் என்றார்.

மறுநாள் மியோஹ்யாங் மலைக்குப் பயணம். தலைவர்களுக்கு வந்த பரிசுகளையெல்லாம் அங்கே மலையடிவாரத்தில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஸ்டாலின் அனுப்பிய காரிலிருந்து அடுத்த பகுதியைத் தொடங்குகிறேன்.

(பயணம் தொடரும்)