அக்கா அழவே இல்லையே!

ஆரோவில் அருகே ஒரு சிறிய தொண்டு நிறுவனம். நிதி கொடுத்தவர்களுக்கு மாலைக்குள் ஒரு 'பயனாளியின் கதை' போயாக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் இளம்பெண், சாட்ஜிபிடியில் குறிப்புகளைத் தட்டினாள்: மரக்காணம் உப்பளத் தொழிலாளி, மழை வந்தால் வேலை இல்லை, குழுக்கடனில் தையல் மெஷின், மகள் பிளஸ் டூ.

அரை நிமிடத்தில் ஆங்கிலக் கதை ரெடி. அதில் அவள் சொல்லாத குடிகாரக் கணவர் இருந்தார், பட்டினி இருந்தது, கடைசியில் கண்ணீரும் இருந்தது.

போனில் அந்த அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"நான் எப்பம்மா அழுதேன்? எங்க வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டாரு. ஒரு மாசம்கூட விடாம தவணை கட்டினேனே, அதைக் காணோமே!"

அவள் மேஜையில் ஒரு சுனாமிகா பொம்மை. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா கற்றுக்கொடுக்க, மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் செய்த குட்டிப் பொம்மை. விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பாகவே உலகம் சுற்றியது. அதைச் சுமந்து சென்றது அந்தப் பெண்களின் கைவேலை, கண்ணீர் அல்ல.

மறுபடியும் தட்டினாள்: 'குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்காதே.' இம்முறை தவணைக் கணக்கும் குறிப்பில் இருந்தது. கதை பாதியாகச் சுருங்கியது.

மறுபடியும் போன். அக்கா முழுசாகக் கேட்டார்.

"சரியா இருக்கு. பேரை மட்டும் மாத்திடும்மா."

இந்தக் கதைக்கு அடுத்த வருஷம் நிதி வருமா? அவளுக்குத் தெரியாது. பேரை மாற்றி, 'சென்ட்' அழுத்தினாள்.