உம்மாவின் இடது கால்



உங்கள் வீட்டில் யாராவது பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்தால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவருடைய இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் உம்மாவுக்கு இடது பக்கம் விழுந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பார்க்க வந்தவர்களெல்லாம் "பேச்சு வருதா? கை அசையுதா?" என்றுதான் கேட்டார்கள். காலை யாரும் கேட்கவில்லை. ஆணும் பெண்ணுமாய் ஆட்கள் வந்து போகும் வீடு என்பதால், உம்மாவின் கால்களை நாங்கள் எந்நேரமும் போர்வையால் மூடியே வைத்திருந்தோம்.

பத்தாம் நாள் லுஹருக்கு வுழூச் செய்து கொடுத்தேன். வலது காலைக் கழுவி இடது காலுக்கு வந்தபோது என் கைக்கே வித்தியாசம் தெரிந்தது. கெண்டைக்கால் பருத்து, தோல் மினுமினுத்து, சூடாக இருந்தது. "நோகுதா உம்மா?" என்றேன். இல்லையென்று தலையசைத்தார். உணர்ச்சி குறைந்த கால் எப்படி நோகும்?

"வாதக்கால் அப்படித்தான் நீர் கோக்கும் மகள். எண்ணெயைச் சூடாக்கி நல்லா உருவி விடுங்க" என்றார் மாமி. அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எண்ணெய் அடுப்பில் ஏறியும் விட்டது. அந்நேரம் தாதிப் பயிற்சியில் இருக்கும் என் தங்கையின் மகள் போன் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "பெரியம்மா, அந்தக் காலை உருவாதீங்க! உம்மும்மாவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கத்தினாள்.

ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தொடை வரைக்கும் உள்நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கால் விழுந்துபோனால் அந்தப் பம்பும் நின்றுவிடும். தேங்கிய இரத்தம் உறையும். அதனால்தான் பெரும்பாலும் வாதம் விழுந்த பக்கத்துக் காலிலேயே கட்டி வருகிறது. இரண்டாம் நாளிலேயே தொடங்கவும் கூடும். அந்தக் கட்டியில் ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, சிலவேளை மௌத்து. சூடான எண்ணெய் போட்டு உருவியிருந்தால் அந்தத் துண்டை நானே கழற்றி அனுப்பியிருக்கக் கூடும். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று டொக்டரிடம் கேட்டேன். எழுந்து நடக்கவே முடியாதவர்கள், வயதானவர்கள், முன்பு ஒருமுறை இப்படிக் கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "உடம்பில் நீர் வற்றியவர்கள்" என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிக்கடி தூக்கி எடுக்க வேண்டி வருமே என்று உம்மாவுக்குத் தண்ணீரைக் குறைத்தது நான்தான். (அதற்காக வாயில் ஊற்றியும் விடாதீர்கள். பாரிசவாதக்காரருக்கு விழுங்குவதும் பழுதாகியிருக்கலாம். அதைச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.)

இன்னொன்று. என் நானா கட்டாரிலிருந்து, தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒரு சோடி அனுப்பியிருந்தார். "முன்னமே போட்டிருந்தால் தப்பியிருக்குமே" என்று அழுதேன். டொக்டர் சிரித்தார். பாரிசவாத நோயாளர் 2,518 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளியானதாம். காலுறை போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கட்டி. போடாதவர்களிலும் ஏறக்குறைய அதேயளவு. மிச்சமாய்க் கிடைத்தது தோல் புண்தான். மாறாக, காற்றடைத்து விட்டுவிட்டு அமுக்கும் உறைகள் உதவுவதை 2013இல் கண்டார்கள்: 12.1 வீதம் 8.5 ஆகக் குறைந்தது. ஆனால் கட்டி வந்துவிட்ட காலுக்கு அது ஆகாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியும் உண்டு. மூளையில் இரத்தம் கசிந்து வந்த வாதமென்றால் அது பேராபத்து. எனவே யாருக்கு, எப்போது என்பதை டொக்டரே தீர்மானிக்க வேண்டும். உம்மாவுக்கு வந்தது அடைப்பினால். அதனால் மருந்து கொடுத்தார்கள்.

மாதக்கணக்கில் குளிசை, கிளினிக், இரத்தப் பரிசோதனை என்று அலைந்தோம். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது.

வார்டில் ஒரு தாதி காட்டித் தந்தபடி, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பார்ப்பேன். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கண்டால் தாமதிக்க வேண்டாம் என்றார். தையல் மெசினில் கிடந்த அளவு நாடா அன்றிலிருந்து உம்மாவின் தலைமாட்டில்தான் தொங்குகிறது. மாமிதான் தினமும் ஸுபஹுக்குப் பிறகு, "அளந்தீங்களா மகள்?" என்று ஞாபகப்படுத்துகிறார்.