தண்ணீர் நடுவே தாகம்

ஆலப்புழைக்குக் கிழக்கே நிலம் எங்கே முடிகிறது, ஜலம் எங்கே தொடங்குகிறது என்று திட்டமாகச் சொல்லிவிட முடியாது. குட்டநாடு என்று பெயர் பெற்ற அந்தப் பிரதேசத்தில் வயல்கள் பல கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கின்றன. கரைக்கு அப்பால் தண்ணீர் உயரத்திலும், இப்பால் நெற்பயிர் பள்ளத்திலும் இருக்கும் விசித்திரத்தை முதல் முறை காண்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்கள். இதற்கு வடக்கே விரிந்து கிடப்பதுதான் வேம்பநாட்டுக் காயல். நீளம் சுமார் 96 கிலோமீட்டர். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை என்று ஆறுகள் பல இதில் வந்து சேருகின்றன. கொச்சியில் இது கடலோடு கலக்கிறது.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் உபாத்தியாயர்களாகிய நாங்கள் நாலு பேர், குடும்பங்களோடு இந்தக் காயலில் பிரயாணம் செய்தோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றினால் தைத்துக் கட்டுவதால் அதற்கு அந்தப் பெயர். ஒரு காலத்தில் நெல்லும் தேங்காயும் சுமந்த வள்ளம், இப்போது கட்டிலும் நாற்காலியும் மனிதர்களையும் சுமக்கிறது. கழி போட்டுத் தள்ளியவர்களின் இடத்தில், அடித்தளத்தில் ஒரு டீஸல் யந்திரம் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கிறது.

இந்த யந்திரத்துக்கும் மோட்டார் வண்டி யந்திரத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வண்டியின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகும்; படகின் சூட்டை, படகு மிதக்கும் தண்ணீரே வாங்கிக்கொண்டு போக வேண்டும். படகின் அடியில் ஒரு துவாரம். அதை மூடித் திறக்க ஒரு வால்வு. குப்பையைத் தடுக்க ஒரு வடிகட்டி. அதன் பிறகு ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுழலும் பம்பு. அது உறிஞ்சும் ஜலம் யந்திரத்தின் உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்புறக் குழாய் வழியாக வெளியே வருகிறது. வாய் கொப்பளித்துத் துப்புவதுபோல் அந்தக் குழாய் துப்பிக்கொண்டே இருக்கும் வரையில் யந்திரம் சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் பாதிராமணல் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது இந்தத் துப்பல் நின்றுவிட்டது. குழாயிலிருந்து வெறும் ஆவியும் கரும்புகையும் வந்தன. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிற்று. எச்சரிக்கை மணி வீறிட்டது. காற்றோ மேற்கிலிருந்து பலமாக வீசத் தொடங்கியிருந்தது. மாலை ஐந்தரை மணிக்குமேல் மீனவர்கள் வலை வீசுவதால், அதற்குள் வீட்டுப்படகுகள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது அவ்விடத்து நியதி. குழந்தைகளின் முகத்தில் களை மறைந்தது. பெரியவர்களுக்கும் உள்ளூர உதறல்தான்.

படகு ஓட்டியவரை அங்கே 'ஸ்ராங்க்' என்று அழைக்கிறார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த மனிதர் சிறிதும் பதறவில்லை. யந்திரத்தை நிறுத்தி, நங்கூரத்தை இறக்கிவிட்டுத்தான் கீழே குனிந்தார். எங்களுடன் வந்த கணித ஆசிரியர் ஒரு வாளி நிறையக் காயல் ஜலத்தை மொண்டு யந்திரத்தின் தலையில் கொட்டப் போனார்.

"வேண்டாம் மாஷே! பழுத்த இரும்பு பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். மூடியைத் திறந்தாலும் ஆவி முகத்தில் அடிக்கும். ஆறட்டும்" என்றார் ஸ்ராங்க். கணித ஆசிரியர் வாளியைக் கீழே வைத்தார்.

சூடு தணிந்த பிறகு, முதலில் அடித்துவாரத்து வால்வை மூடினார். அதை மூடாமல் வடிகட்டியைத் திறந்தால் காயலே படகுக்குள் வந்துவிடும் அல்லவா? வடிகட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு கறுத்த வேர்களும், அவற்றைச் சுற்றிப் பால் உறை ஒன்றின் கிழிசலும் இருந்தன. அதை எடுத்துவிட்டு யந்திரத்தைக் கிளப்பினார், குழாய் துப்பவில்லை. உடனே நிறுத்திவிட்டார்.

"காரணம் கிடைத்துவிட்டதே, பின் ஏன்?" என்று கேட்டோம்.

"ஒரு காரணம் கிடைத்தது, மாஷே. அது என்ன கெடுதல் செய்துவிட்டுப் போயிற்று என்று பார்க்க வேண்டாமா?"

பம்பின் மூடியைக் கழற்றினார். தண்ணீர் இல்லாமல் வறண்டு சுழன்றதில், ரப்பர்ச் சக்கரத்தின் ஆறு இதழ்களில் இரண்டு பிய்ந்து போயிருந்தன. மாற்றுச் சக்கரம் கையில் இருந்தும் அவர் அதை மாட்டவில்லை. பிய்ந்த துண்டுகள் இரண்டையும் தேடிக் கண்டுபிடித்த பிறகே மாட்டினார். அவை குழாய் வளைவில் தங்கினால் நாளைக்கும் இதே கதைதான். கடைசியில் பம்பை ஓட்டும் பெல்ட்டை விரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தார். பின்புறத்து விசிறியைச் சுற்றியிருந்த கொடியையும் கழியால் அகற்றினார். கொடி சுற்றிய விசிறியை இழுத்து இழுத்து யந்திரம் சோர்ந்தாலும் சூடு ஏறுமாம். நாலரை மணிக்குக் குழாய் மறுபடியும் கொப்பளித்தது. குழந்தைகள் கை தட்டினார்கள்.

வடிகட்டியில் கிடைத்த அந்த வேர்கள் ஆகாயத் தாமரையினுடையவை. நம் ஊர்களில் வெங்காயத் தாமரை என்று சொல்வதும் இதைத்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஊதாப்பூ அழகிக்கு உப்பு ஆகாது. முன்பெல்லாம் கோடையில் கடல் நீர் காயலுக்குள் ஏறி வந்து, இதைக் கருக்கிவிடும். 1970-களில் தண்ணீர்முக்கத்தில் கட்டி முடித்த தடுப்பணை அந்த உப்பைத் தடுக்கிறது. அணை கட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உப்பு ஏறினால் புஞ்சை நெல் பட்டுப்போகும், குட்டநாட்டு உழவர் வயிற்றில் அடி விழும். ஆனால் மதகுகள் மூடியிருக்கும் மாதங்களில் காயலின் தென்பகுதி தேங்கிய குளமாகிறது. வயலில் இட்ட உரம் வடிந்து வந்து ஆகாயத் தாமரைக்கு விருந்தாகிறது. கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வரும் மீனும் இறாலும் வழியடைபட்டு நிற்கின்றன. மதகை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் ஓயாத வழக்கு. இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

2002-ஆம் வருஷத்தில் ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாக இக்காயல் சேர்க்கப்பட்டது. கௌரவம் பெரிதுதான். ஆனால் அந்தப் பால் உறையை இதில் எறிந்தவர் உழவரும் அல்ல, மீனவரும் அல்ல. எங்களைப்போல் அழகு பார்க்க வந்த யாரோ ஒருவராக இருக்கலாம். ஒரு வேரும் ஒரு கிழிசலும் சேர்ந்து ஒரு யந்திரத்தின் மூச்சை நிறுத்தப் போதுமானால், ஆயிரக்கணக்கான கிழிசல்கள் ஒரு காயலை என்ன செய்யும்?

வேம்பநாட்டுக்குப் போகும் நேயர்கள் இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். படகு புறப்பட்டதும் பின்புறக் குழாய் ஜலம் துப்புகிறதா என்று பாருங்கள். நின்றால் உடனே ஸ்ராங்கிடம் சொல்லுங்கள். கொண்டுபோன உறைகளையும் புட்டிகளையும் எண்ணி வைத்துக்கொண்டு, எண்ணிக்கை குறையாமல் கரைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.