முள் பொய் சொல்லும்போது

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருப்பதால், புதுமடம் கரையிலுள்ள நமக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பது புதிதன்று.

எஞ்சினில்லாத கிளைடரில் உயரமும் வேகமும் மெல்லிய குழாய்களின் வழியே வரும் காற்றழுத்தத்தாலேயே அறியப்படுகின்றன. ஒரு குழாயின் முனை வெடித்தாலும் முள் பொய் சொல்லும். விமானியோ அதை நம்புவார். 1996 அக்டோபரில் பெரு நாட்டு விமானமொன்றில், துப்புரவின்போது காற்றுத் துளைகளில் ஒட்டிய நாடாவை அகற்றாததால் 70 பேர் மாண்டனர். அது கசிவன்று, அடைப்பு. ஆயினும் பொய் ஒன்றே.

கசிவை அறிய, வேகமானிக்குச் செல்லும் குழாயில் சிரிஞ்சினால் மிக மெல்ல அழுத்தம் ஏற்றி, அடைத்து வைத்துக் காத்திருப்பார்கள். அவசரப்பட்டு வாயால் ஊதினால் கருவியே கெடும். (நம்மை நாமே சோதித்தறிவதிலும் இந்த மென்மை வேண்டும் என்பது என் எண்ணம்.) முள் நின்றால் நலம். மெல்ல இறங்கினால், இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடவேண்டும். கண்டபின் வேலை சிறிதே: வெடித்த முனையை நறுக்கிவிட்டு மீண்டும் செருகி, மறுபடியும் முள்ளைப் பார்ப்பார்கள்.