காலடி வரிசை

அண்ணாமலை நகர்

அன்பார்ந்த நண்பருக்கு,

கொரியா தேசத்துத் தெக்கியோன் என்னும் தற்காப்பு வித்தையைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்தவையெல்லாம், 1929-இல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த சர்வகலாசாலையை அடுத்த திடலொன்றில் சிறுவர்கள் சிலம்பம் பயிலக் கண்டபோது நினைவுக்கு வந்தன.

புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளின் கையில் கம்பே இல்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கால் மாற்றிவைக்கும் காலடி வரிசைகளையே வாத்தியார் திரும்பத் திரும்பப் பயிற்றிக்கொண்டிருந்தார். சுவடு உறுதிப்படாதவன் கையில் நெற்றியளவு உயர்ந்த மூங்கிற் கம்பைக் கொடுத்தால் அதன் விசையே அவனை நிலைகுலையச் செய்துவிடுமாதலாலும், எதிரியின் வீச்சுக்கு விலகுவது பெரும்பாலும் காலின் காரியமாதலாலும், காலடி வரிசைக்குப் பின்னரே கம்பு வீச்சும், அதற்கும் வெகு நாள் கழித்தே சுருள்வாளும் மான்கொம்பும் மாணாக்கனுக்குக் கிட்டுகின்றன. தெக்கியோனிலும் முக்கோணமாகக் கால் மாற்றி மிதிக்கும் அடியெடுப்பே சகல உதைகளுக்கும் ஆதாரமென்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ரயில் பாதைக்கு மேற்கே, நடராஜப் பெருமான் ஆலயத்துக் கோபுரவாயிலில் 108 கரணங்களையும் நெடுநேரம் நின்று பார்த்தேன். கையும் காலும் ஒருங்கியைந்த அசைவே கரணமென்பது பரத சாஸ்திரம். சிலம்பத்துக்கும் அதற்கும் வமிச சம்பந்தம் கற்பிக்க நான் துணியேன். ஆயினும் அச்சிற்பங்களில் பாதங்கள் ஊன்றியும் உயர்ந்தும் நிற்கும் வகைகளைக் கண்ட கண்ணுக்கு, அத்திடலின் பயிற்சி மேலும் தெளிவாக விளங்கியது.

சிலம்பம், தெக்கியோன் ஆகிய இரு கலைகளும் அந்நிய ஆட்சியில் நலிந்தவை. 1801-இல் பாளையங்களை ஒடுக்கிய கும்பினியார் தென்சீமையில் ஆயுதம் தரிப்பதைத் தடைசெய்த பின்னர், சிலம்பம் பொங்கலிலும் கோயில் திருவிழாக்களிலும் விளையாட்டாய் உயிர் தரித்தது. ஜப்பானியர் ஆட்சியில் தேய்ந்த தெக்கியோனையோ 1893-இல் பிறந்த சோங் தொக் கி என்னும் ஒரு பெரியவர் தம் தேகத்திலேயே பேணிவைத்து, 1987-இல் மறையுமுன் அடுத்த தலைமுறைக்கு அளித்துச் சென்றார். அந்நாட்டரசு 1983-இல் அதனைத் தேசியச் செல்வமாக அங்கீகரித்தது. 2011-இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்தது.

இப்போது நம் சிலம்பத்துக்கும் போட்டிகளும் சான்றிதழ்களும் பெருகியிருப்பது எனக்கு மெய்யாகவே சந்தோஷந்தான். ஆனால் கம்பு உடலில் பட்டால் புள்ளி என்ற அவசரத்தில், காலடி வரிசைக்குரிய மாதங்கள் சுருங்கிவிடலாகாதென்ற கவலையும் உண்டு. தங்களூர் வாத்தியார் கம்பு கொடுப்பதற்கு முன் எத்தனை காலம் காலடி பயிற்றுகிறாரென விசாரித்து, அவசியம் எழுதுங்கள்.

தங்கள் அன்பன்