இரண்டு எடைகள்



இந்த வாரம் ஓர் அட்டைப்பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் சபையின் சகோதரி ஒருவர் பனையோலைப் பெட்டி முடைவதை நீங்கள் அறிவீர்கள். கோயம்புத்தூரில் ஒரு திருமண வீட்டார் அவரிடம் 20 சிறு பெட்டிகள் கேட்டிருந்தார்கள். அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கூரியர் லேபிள்களைச் சலுகை விலைக்கு விற்கும் ஓர் இணையச் சேவையில் முன்பணம் கட்டியிருந்தேன். பெட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி எடை பார்த்தேன்; இரண்டு கிலோ. லேபிளின் விலை 180 ரூபாய். அந்தத் தொகையைத்தான் அவரிடம் சொன்னேன். அவரும் அதை வைத்தே விலை பேசினார்.

பார்சல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து என் கணக்கிலிருந்து மேலும் 620 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. எடை வேறுபாடு என்பதே காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தது. என் உள்ளம் கொதித்தது. அந்தச் சகோதரிக்குக் கூலியாக மிஞ்சவேண்டியதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

சீற்றத்தோடு ஆட்சேபம் எழுதத் தொடங்கியபோதுதான் விதிமுறையை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். வாகனத்தில் பார்சல் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் கூரியர் நிறுவனங்கள் கணக்குப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கிறார்கள். அதுவே கன அளவு எடை. அது மெய்யான எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம். நம் பெட்டி 50, 40, 30 சென்டிமீட்டர். பெருக்கினால் 60,000; வகுத்தால் 12 கிலோ! கருப்பட்டி அனுப்பியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அது கனமானது, சிறிய இடத்தில் அடங்கும். ஓலைப்பெட்டியோ இலேசானது, உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்.

இந்தக் கணக்கைச் சொன்னபோது அந்தச் சகோதரி, "ஐயா, உள்ள வெறும் காத்துதானே இருக்கு, காத்துக்குமா காசு?" என்றார். எனக்கு நம் கடற்கரையின் பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. வெவ்வேறு துளையளவுள்ள பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்து அளவு கண்டார்கள். பின்பு மஞ்சாடி, கழஞ்சு என்று எடையும் கண்டார்கள். அளவும் எடையும் சேர்ந்தே விலையாயிற்று. நம் முன்னோர் அறிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆயினும் அன்பானவர்களே, என் வெட்கம் அதோடு முடியவில்லை. பழைய கணக்கைப் புரட்டியபோது, இரண்டு மாதங்களுக்கு முன் இதே அளவுள்ள பெட்டி ஒன்றை அனுப்பியிருந்ததைக் கண்டேன். அதற்கும் இரண்டு கிலோ என்றே பதிந்திருந்தேன். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. கூடுதல் கட்டணமும் வரவில்லை. அன்று மலிவாக முடிந்ததே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். தவறு எனக்குச் சாதகமாக இருந்தபோது அது ஆசீர்வாதமாகத் தோன்றிற்று. சரியான அளவு எனக்குப் பாதகமாக வந்தபோது அது அநியாயமாகத் தோன்றிற்று.

பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்கள் வைத்திருக்கலாகாது என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இதை வைத்துக் கடைக்காரர்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த இரண்டு கற்களும் என் பையிலேயே இருந்தன.

ஆட்சேபத்தை அனுப்பவில்லை. மாறாக, முந்தைய பார்சலின் சரியான அளவை அந்தச் சேவைக்கு எழுதித் தெரிவித்தேன். 620 ரூபாயை நானே ஏற்றுக்கொண்டேன். அளக்காமல் வாக்குக் கொடுத்தவன் நான். அதன் இழப்பை ஓலை முடைந்த கைகள் சுமப்பது நியாயமன்று. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை, பார்சல் கட்டுகிறவனுக்கும் பொருந்தும்.

வெளியூருக்குப் பொருள் அனுப்புகிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லேபிள் வாங்குமுன் கட்டி முடித்த பெட்டியை அளந்து, எடையையும் அளவையும் உண்மையாகப் பதியுங்கள். தராசும் அளவு நாடாவும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அவர்கள் தவறாக அளந்தால், குறித்த நாட்களுக்குள் அந்தப் படங்களோடு ஆட்சேபியுங்கள். நியாயத்தைக் கேட்பது பாவமல்ல. அந்தச் சகோதரி இப்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப்பெட்டிகளாக முடைகிறார். காற்றுக்குக் காசு கொடுக்கும் தேவை குறைந்துவிட்டது.

ஜெபம்: ஆண்டவரே, பிறரை அளக்கும் அதே அளவால் எங்களையும் அளக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் கவனக்குறைவின் சுமையை எளியோர்மேல் ஏற்றாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.