நீரின் வழி

வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே நீரோடு உறவுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், ஏற்றுமதித் துணிகளை வெளுக்கும் தொழிலாளர் இங்குக் குடியமர்ந்தனர். நல்ல நீரும் திறந்த வெளியும் அவர்தம் தொழிலுக்குத் தேவைப்பட்டன. அவ்வாறு நீரை நம்பி எழுந்த ஊர், 2023 டிசம்பரில் நீரைக் கண்டு அஞ்சியது.

'மிக்ஜாம்' புயல் டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே, சென்னைக்கு அருகில் கடலில் மெல்ல நகர்ந்தபடி பெருமழையைக் கொட்டியிருந்தது. மழை ஓய்ந்த பின்னும் வடசென்னையின் பல தெருக்களில் வெள்ளம் வடியவில்லை. மக்கள் இருளில் இருந்தனர். பாலுக்கும் குடிநீருக்கும் அலைந்தனர்.

மழை மட்டுமே இதற்குக் காரணமன்று. வடசென்னை கடல்மட்டத்தினும் சிறிதே உயர்ந்த சமதளம். இங்குப் பெய்யும் மழைநீரில் பெரும்பகுதி கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்க வேண்டும். புயலால் கடல் உயரும்போது முகத்துவாரம் நீரை எளிதில் ஏற்பதில்லை. கால்வாயும் வண்டலாலும் குப்பையாலும் குறுகிவிட்டால், வெள்ளம் வீட்டு வாசலைத்தான் நாடும்.

அவ்வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெயும் கலந்து, எண்ணூர் வரை பரவியது. மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் கருமை படிந்தது. அலையாத்தி மரங்களும் கறைபட்டன. மழை வானத்தின் செயல்; அது செல்லும் வழியைத் தூய்மையாகக் காப்பதோ ஊராரும் ஆட்சியாளரும் தொழிற்சாலையினரும் பகிர்ந்து ஏற்க வேண்டிய கடமை.